வெறுங்காலுக்குக் கட்டிய பலகை

பெடல் பலகை கட்டித் தரச் சொல்லி ஒருவர் வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று அண்மையில் உங்களில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "என்னென்ன பெடல் வைச்சிருக்கிறீங்கள் எண்டு கேப்பன்" என்றார் ஒருவர். "என்ன பாட்டு வாசிக்கிறீங்கள் எண்டு கேப்பன்" என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி பரவாயில்லை. முதலாவது கடைக்காரரின் கேள்வி. கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நம் பட்டறை மேசையில் நான் இருந்த காலம் முழுவதும் முதலில் கேட்டது வேறொன்று: "காலில என்ன போட்டுக்கொண்டு வாசிப்பீங்கள்?"

சிரிக்க வேண்டாம். கிற்றார் வாசிப்பவரின் இரண்டு கைகளும் கிற்றாரிலேயே மாட்டுப்பட்டிருக்கும். ஒலியைத் தடிப்பாக்கவோ, அலையவிடவோ, எதிரொலிக்க வைக்கவோ அவருக்கு மிஞ்சியிருப்பது கால் மட்டும்தான். அந்த வேலைகளைச் செய்கிற சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகளைத்தான் பெடல் என்கிறோம். அவற்றை ஒழுங்காக அடுக்கி, மின்சாரம் கொடுத்து, ஒரே பலகையில் பூட்டிக் கொடுப்பது நம் தொழில். உலகம் முழுவதும் அந்தப் பெட்டிகளைச் சப்பாத்துக் காலுக்கென்றே செய்கிறார்கள். நம்முடைய ஆட்களோ வருடத்தில் பாதி நாள் கோயில் மேடையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள். சுவிட்சின் கூர் உள்ளங்காலில் குத்தும். பெருவிரல் பட்டு ஒலிக்குமிழ் திரும்பிவிடும். பக்திப் பாட்டின் நடுவில் கிற்றார் மாடு கத்துவதுபோலக் கத்தும். பிறகு பலகை கட்டியவளைத்தான் ஏசுவார்கள்.

கண் இப்போது பற்றவைக்கிற ஈயத்துளியைப் பிடிக்க மறுக்கிறது. அதனால் மேசையை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். வயரை எப்படி ஒட்டுவது, எந்தப் பெடலுக்குப் பின்னால் எதைப் பூட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கைத்தொலைபேசியில் காணொளி குவிந்து கிடக்கிறது. எந்தக் காணொளியிலும் இல்லாத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜெனிற்றா முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவள். மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்து வளர்ந்தவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவர்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் இறக்கினார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "அவ கதைப்பா, எனக்கு உந்தச் சாமான் ஒண்டும் விளங்காது" என்று சொல்லிவிட்டு வெளியிலேயே மரத்தடியில் நின்றுவிட்டார்.

விசயம் இதுதான். எங்கள் பக்கத்தில் நல்ல பெயரெடுத்த ஓர் இசைக்குழுவின் கிற்றார்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். குழுவை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். கீபோர்ட் அவர் கையில். அவர் ஜெனிற்றாவின் வாசிப்பை எங்கேயோ கேட்டுவிட்டு, ஒரு நிகழ்ச்சிக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த ஒன்று சரியாக அமைந்தால் குழுவில் நிரந்தர இடம். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார். அதுவரை அந்தக் குழுவில் பெண்கள் பாடியிருக்கிறார்கள், வாத்தியம் வாசித்ததில்லை. பெண்பிள்ளை கிற்றாரோடு மேடையில் நிற்கலாமோ என்று குழுவில் ஒருவரும் வாயால் கேட்கவில்லை. கண்ணால் கேட்டார்கள்.

அவள் ஒரு பயணப் பை நிறையப் பெடல்கள் கொண்டுவந்திருந்தாள். பிரான்சில் இருக்கும் சித்தி, யாரோ பாவித்த சாமான்களை வாங்கி வாங்கி அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். கைத்தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரரின் பலகைப் படத்தையும் காட்டினாள். பலகை என்ன, அது ஒரு வயல்.

"இப்பிடி எல்லாத்தையும் வைக்கேலாதோ அக்கா?"

"வைக்கலாம். உமக்கு எத்தினை கால்?"

சிரித்தாள். நல்ல பிள்ளை, பகிடி விளங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெடல் தெரிவுசெய்வதென்றால் எதை வைப்பது என்று பார்ப்பதல்ல, எதை விடுவது என்று பார்ப்பது. கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போகிறவர் வீட்டிலுள்ள எல்லாச் சட்டியையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. மாஸ்டர் வாசிக்கச் சொன்ன பாட்டுகளை அவளை வாசிக்க வைத்துக் கேட்டேன். சுருதி பார்க்க ஒன்று, ஒலியைத் தடிப்பாக்க ஒன்று, கொஞ்சம் அலையவிட ஒன்று, சத்தத்தை ஏற்றி இறக்க ஒன்று. அவ்வளவு போதும் என்றேன். மிச்சத்தைப் பைக்குள் திருப்பி வைத்தேன். ஒன்றை மட்டும் அவள் கையிலிருந்து வாங்க முடியவில்லை. எதிரொலி தருகிற பெடல்.

"ஒரேயொரு பாட்டுக்கு எதுக்குப் பிள்ளை ஒரு பெடல்?"

"அந்தப் பாட்டுக்காகத்தான் அக்கா நான் போறதே."

நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு அது. பழைய படப்பாட்டு. நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்க, கிற்றார் நீளமாகத் தனியே போகும். தன்னால் முடியும் என்று ஊருக்கும் மாஸ்டருக்கும் காட்ட அவளுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அந்தப் பெடலை மேல் வரிசை மூலையில் பூட்டினேன். வேண்டுமென்று காலை நீட்டினால் மட்டும் எட்டும். தவறிப் படாது.

பலகையை அலுமினியத்தில் அடித்தேன். பாரம் குறைவு, மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஒட்டுநாடாவை நம்பவில்லை. நம்முடைய வெயிலில் மூடிய வான் வண்டிக்குள் பலகை கிடந்தால் பசை உருகிப் பெடல்கள் ஊர்ந்து திரியும். எல்லாவற்றையும் தகடு போட்டு முறுக்கினேன். சுவிட்சுகளுக்கு அகலமான தொப்பி போட்டேன். பாயை விரித்து, செருப்பைக் கழற்ற வைத்து, கீழே பார்க்காமல் மிதிக்கப் பழக்கினேன். அவள் காலுக்கு அந்தப் பலகை அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருந்தது. என் வேலையில் எனக்குப் பெருமை வந்தது. பெருமை வந்தால் வந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்?

நிகழ்ச்சி, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரத்தில் இருக்கும் ஒரு பிள்ளையார் கோயிலில். திருவிழா நாள். புதுப் பலகை முதல்தடவை மேடையேறும்போது நானும் போய் நிற்பது வழக்கம். அந்த வழக்கத்தை நீங்களும் விடாதீர்கள். பட்டறையில் வேலை செய்வதெல்லாம் மேடையில் வேலை செய்யும் என்று ஒரு சட்டமும் இல்லை.

கோயிலின் வெளிவீதியில், சுவாமி சுற்றிவரும் மணலுக்குப் பக்கத்தில், மேற்குப் பார்த்தபடி மேடை போட்டிருந்தார்கள். கோயில் எல்லைக்குள் மேடை என்றால் அங்கே ஒருவருக்கும் காலில் ஒன்றும் இல்லை. மாஸ்டரிலிருந்து ஸ்பீக்கர் தூக்குகிறவர்வரை எல்லோரும் வெறுங்கால்தான். பின்னேர வெயில் நேரே மேடையில் விழுந்தது. ஆனாலும் நிகழ்ச்சியைப் பின்னுக்குத் தள்ள முடியாது. அந்தப் பாதையில் யானை இறங்கும். வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கி, பொழுதுபட முடித்து, சைக்கிளில் வந்த சனம் இருட்ட முதல் வீடு போய்ச் சேர வேண்டும். கோயில் சபைத் தலைவர் மாஸ்டரிடம் அதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். தலைமயிர் முழுதும் நரைத்த, நிதானமான மனிதர்.

ஒலி சரிபார்க்கத் தொடங்கினார்கள். நான் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஜெனிற்றா நன்றாகத்தான் வாசித்தாள். கூடப் பாடவும் வேண்டும் என்பதால் அவள் வாய்க்கு முன்னால் ஒரு மைக் வைத்திருந்தார்கள். இரண்டாவது பாட்டில் சுவிட்சை மிதிக்கக் காலை வைத்தவள் சட்டென்று எடுத்தாள். திரும்ப வைத்தாள், திரும்ப எடுத்தாள். பாட்டு நின்றது.

"என்ன பிள்ளை, ஏன் நிப்பாட்டினனி?" என்றார் மாஸ்டர்.

"ஒண்டுமில்லை மாஸ்டர். பலகை கொஞ்சம் சுடுது."

மாஸ்டர் சிரித்தார். "கடற்கரை மணலில நடக்கிற காலுக்கே சுடுதோ?" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. வெயில் அப்படி, பலகை அலுமினியம், சுடத்தானே செய்யும்?

கோயிலில் ஒருவருக்குக் கால் சுடுகிறது என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். திருவிழா மத்தியானங்களில் வீதி சுற்றுகிறவர்களின் கால் வேகக்கூடாது என்று மணலில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஈரச்சாக்கு விரிப்பார்கள். அது ஒரு புண்ணியம். அன்று காலையிலிருந்து அந்தப் புண்ணியத்தைச் செய்துகொண்டிருந்த தொண்டர் ஒருவர் மேடையடியில்தான் நின்றார். "பொறு தங்கச்சி, இப்ப தண்ணி கொண்டுவாறன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

எனக்குக் கொஞ்சம் குத்தியது. மரத்தில் அடித்திருந்தால் பலகை சுடாதே என்று யோசித்தேன். எவ்வளவு சுடுகிறது என்று பார்ப்போம் என்று மேடையேறிக் குனிந்து உள்ளங்கையை வைத்தேன்.

பலகை குளிர்ந்திருந்தது.

பக்கத்தில் அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களின் நிழல் எப்போதோ அதன்மேல் விழுந்துவிட்டது. நிழலில் கிடக்கும் தகடு சுடாது. கையைத் திருப்பி, புறங்கை விரலால் தகட்டை மெல்லத் தடவினேன். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு நடுக்கம். இந்தத் தொழிலில் இருந்த ஒருவரால் அந்த எறும்பை மறக்க முடியாது. நிமிர்ந்து பார்க்கிறேன், தொண்டர் ஒரு கையில் தண்ணீர் வாளியும் தோளில் ஈரச்சாக்குமாக மேடைப் படியில் நிற்கிறார்.

"தண்ணி ஊத்தாதேங்கோ!" என்று கத்தினேன். வீதியில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "பிள்ளை, கிற்றாரை விட்டிட்டு இறங்கு. மைக்கில வாயை வைக்காதை. இறங்கு எண்டுறன்!"

மின்சாரம் பார்க்கிற ரெஸ்ரரை எடுத்துக் கிற்றார் ஒலிபெருக்கியின் தகட்டில் வைத்தேன். அதன் பிடிக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது. பலகையில் வைத்தேன், எரிந்தது. கிற்றார் கம்பியில் வைத்தேன், அதிலும் எரிந்தது. எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவைதானே. பலகையில் பிழை இல்லை. கீழே மேடைக்கு மின்சாரம் தந்த ஜெனரேற்றருக்கு நிலத்தில் எர்த் கம்பி அடிக்கவில்லை. அதிலிருந்து மேடைக்கு இழுத்திருந்த நீட்டு வயரிலும் எர்த் இல்லை. ஒழுகுகிற மின்சாரத்துக்கு நிலத்துக்குப் போக வேறு வழி இல்லை. யார் வெறுங்காலோடு வந்து தொட்டார்களோ, அவர்கள்தான் வழி. காய்ந்த விரிப்பில் நின்றதால் அவளுக்கு அது சுள்ளென்று மட்டும் அடித்தது. ஈரச்சாக்கில் நின்றுகொண்டு, ஒரு கை கிற்றார் கம்பியில், வாய் மைக்கில் என்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை.

ஜெனரேற்றர்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் அலட்சியக்காரர் அல்ல. "கம்பி அடிக்கத்தான் பாத்தன் அக்கா. சுவாமி வாற வீதியில இரும்பு அடிக்க வேண்டாம் எண்டு தலைவர் சொன்னவர். சரி, ஒரு பின்னேரம்தானே எண்டு விட்டிட்டன்" என்றார். தலைவரும் தெரிந்து சொல்லவில்லை. எர்த் கம்பி என்றால் பந்தல் கால் மாதிரி ஏதோ என்று நினைத்திருக்கிறார். ஒரு பாவமும் அறியாத நல்ல மனிதர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்த கதை இது.

நான் கிற்றார் ஒலிபெருக்கியின் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"கம்பி அடிச்சு, வயர் மாத்தும்வரைக்கும் ஒருத்தரும் வாசிக்கேலாது மாஸ்டர்."

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. பூசை முடியப் போகிறது, சனம் வந்து இருக்கத் தொடங்கிவிட்டது. "அக்கா, உங்கட வேலை பலகை. பலகையில பிழை இல்லையெண்டால் விடுங்கோவன். பிள்ளை இண்டைக்குச் சும்மா நிக்கட்டும், நாங்கள் கிற்றார் இல்லாமல் சமாளிக்கிறம்."

"பலகையில பிழை இல்லைத்தான். ஆனா அதில கால் வைக்கப் பழக்கினது நான். கிற்றார் இல்லாட்டியும் உங்கட பாட்டுக்காரரும் வெறுங்காலோட மைக்கைப் பிடிச்சுக்கொண்டுதானே நிக்கப் போகினம்?"

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஜெனரேற்றர்காரர் தன் வான் வண்டியிலிருந்து றப்பர் விரிப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். அது காலைக் காப்பாற்றும், வாயைக் காப்பாற்றாது என்று வேண்டாம் என்றேன். சபைத் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசிக்கட்டும். பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார்."

"வேண்டாம் ஐயா" என்றாள் ஜெனிற்றா. "எங்கட மாதா கோயிலுக்குள்ளயும் நான் போடுறேல்லை."

தலைவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனா பிந்தித் தொடங்கினால் பிந்தி முடியும். இருட்டில இந்தச் சனம் காட்டு றோட்டால போகவேணும். போன கிழமையும் யானை றோட்டிலதான் நிண்டது. அதுக்கு என்ன சொல்லுறீங்கள்?"

அவர் சொன்னது நியாயம். ஒரு பக்கம் மேடையில் நிற்கும் உயிர், மறுபக்கம் றோட்டில் போகும் உயிர். உங்களிடம் யாராவது, இக்கட்டான நேரத்தில் சரியான முடிவு தானாகத் தெரியும் என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: இரண்டு உயிரையும் விட முடியாது, ஆகவே வேறு எதையாவது விட வேண்டும்.

"பிந்தித் தொடங்குவம். ஆனா சொன்ன நேரத்துக்கு முடிப்பம்" என்றேன். "கடைசிப் பாட்டுகளை வெட்டுங்கோ மாஸ்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கடைசிப் பாட்டுகளில் எது இருக்கிறது என்பது என் நெஞ்சில் உறைத்தது. ஜெனிற்றாவுக்கு அது நான் வாயைத் திறந்தபோதே உறைத்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி" என்றார்.

தலைவர் வீதியை ஒருதரம் பார்த்துவிட்டு, "கேணிக்கு அங்கால அடியுங்கோ" என்று ஜெனரேற்றர்காரரிடம் சொன்னார். சுவாமி வராத பக்கம், நிலமும் ஈரம். அதைவிட நல்ல இடம் நானே தேடியிருந்தாலும் கிடைத்திராது. கம்பி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நான் ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் மேடை விளிம்பில் போய் இருந்தேன்.

"சுடுது எண்டு ஏன் சொன்னனி?"

"பொய் இல்லை அக்கா. சுட்டதுதான்."

"கரண்ட் அடிச்சதெண்டு தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும். முதல் நாளே மேடையில கரண்ட் அடிக்குது எண்டு சொன்னால், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம் எண்டு சொல்லுவினம். ஒரு பின்னேரம்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு வாசிச்சிடலாம் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்தது. அவளில் அல்ல. உயிர்போகிற விசயத்தைக்கூடக் "கொஞ்சம் சுடுது" என்று மெல்லமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அவளைக் கொண்டுவந்து நிறுத்திய எங்கள் எல்லோரிலும். அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சனம் பார்த்துக்கொண்டிருந்தது, செய்யவில்லை.

வயரை மாற்றினோம். ரெஸ்ரரை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. புறங்கையால் தடவினேன், எறும்பு இல்லை. நிகழ்ச்சி தொடங்கியது. அவள் பிழையில்லாமல் வாசித்தாள். ஆனால் பிழையில்லாமல் வாசிக்கும் துணைக் கிற்றாரை யார் கவனிக்கிறார்கள்? உப்புச் சரியாக இருக்கும் கறியில் உப்பைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. பாடியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. மூலையில் நான் பூட்டிய எதிரொலிப் பெடல் ஒருதரம்கூட மிதிபடாமல் கிடந்தது. சொன்ன நேரத்துக்கு முடித்தோம். வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருக்கச் சனம் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போனது.

மாஸ்டர் சாமான்களை ஏற்றிவிட்டு என்னிடம் "போட்டு வாறன் அக்கா" என்றார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் வந்து நின்றார். அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியானதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் நித்திரை வரும் என்று சொல்கிறவர்கள் ஒருநாளும் சரியானதைச் செய்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளே, இதை நான் எர்த் கம்பியைப் பற்றிச் சொல்ல எழுதவில்லை. அதை எந்த மின்சாரக்காரரும் சொல்லித் தருவார். பலகை கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர், ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டு வருகிறவர்கள். இடம் உறுதியாக உள்ளவர் காலில் முள்ளுக் குத்தினாலே ஊரைக் கூட்டுவார். இடம் இல்லாதவர் வலியைப் பாதியாக்கித்தான் சொல்வார். "கொஞ்சம்" என்பார், "பரவாயில்லை" என்பார், வேறு சொல்லைப் போட்டு மூடுவார். அந்தச் சொல்லை நம்பித் தண்ணீர் எடுக்க ஓடாதீர்கள். குனிந்து கையை வைத்துப் பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நாம் வாடிக்கையாளருக்குச் சொல்கிறோம். ஆழம் பார்ப்பது நம் வேலை, அவருடைய வேலை அல்ல.

இன்னொன்று. "உங்கட வேலை பலகை" என்று உங்களுக்கும் ஒருநாள் ஒருவர் சொல்வார். அவர் கெட்டவராக இருக்கமாட்டார், அவசரத்தில் இருப்பார். அந்த நேரம் வாதாடி வெல்ல நினைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம்.

அதன் பிறகு பல நாள் ஜெனிற்றாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானாகக் கேட்கவும் மனம் வரவில்லை. அந்தக் குழுவுக்கு வேறு கிற்றார்காரர் வந்துவிட்டதாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார்.

ஒருநாள் கண்டாவளையில் சொந்தக்காரரின் கல்யாணம். வீட்டுப் பந்தல், பக்கத்தில் வயல், மூலையில் சின்னதாக ஒரு மண்மேடை. யார் பாட்டுக்குழு என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு திரும்பினால் மேடையில் மாஸ்டர் நிற்கிறார். கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெனிற்றா ஏறுகிறாள். காலில் புதுச் சப்பாத்து. கல்யாணப் பந்தல்தானே, கழற்றத் தேவையில்லை. அவளுக்கு முன்னால் நான் கட்டிய பலகை.

காலைத் தூக்கியவளை மாஸ்டர் கையைக் காட்டி மறித்தார்.

"பொறு பிள்ளை."

தன் செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தார். ஒரு வெறுங்காலை மேடை மண்ணில் ஊன்றிக்கொண்டு, மற்றக் காலால் பலகையின் ஒவ்வொரு சுவிட்சையும் மெதுவாக மிதித்தார். மூலையில் இருந்த எதிரொலிப் பெடலையும் விடவில்லை. பிறகு மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவளுடைய கிற்றார்க் கம்பியைத் தொட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாண வீடு என்றும் பார்க்காமல் மேடையடிக்குப் போய் ஏசினேன். "என்ன மாஸ்டர் விசர்வேலை இது? ரெஸ்ரர் எதுக்கு இருக்கு? காலால ஆரும் கரண்ட் பாப்பினமோ?"

நீங்களும் ஒருநாளும் அப்படிப் பார்க்கக் கூடாது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ரெஸ்ரரை எடுத்துக் காட்டினார். "இதால எல்லாம் பாத்திட்டன் அக்கா" என்றார். "கால் வைச்சது அந்தப் பிள்ளை பாக்கிறதுக்கு."

பிறகு காலை எடுத்து, அவளுக்கு இடம் விட்டு விலகி நின்றார்.